நெட்டைக் கணக்கும் குட்டைக் கணக்கும்

மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில் கிடைத்த அறிவுரைகளையெல்லாம் கேட்டு நடந்திருந்தால் சைமி ஒரே நேரத்தில் மூன்று வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இயற்பியலை விடாதே, விட்டால் பின்னால் அழுவாய் என்றார் ஓர் ஆசிரியர். மொழிகளைக் குறைக்காதே, நம் கயானி மாதிரி ஒரு சின்ன ஊரிலிருந்து வெளியே போக மொழிதான் டிக்கெட் என்றார் இன்னொருவர். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் நூலக வாசலில் அவளை நிறுத்தி, "எதையும் நிறைய எடுக்காதே. நான் எடுத்தேன். என்னைப் பாரு" என்றான். பார்த்தாள். அவன் நன்றாகத்தான் இருந்தான். அதனால் அந்த அறிவுரையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்றும் அவளுக்குப் புரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கணக்கு நின்றது. முதல் பருவத்தில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. அக்டோபரில் பாதை பிரிந்துவிடும். ஒன்று நீண்ட பாடத்திட்டம், மற்றது சுருக்கமானது. பிள்ளைகள் வாயில் அவை நெட்டை, குட்டை. பல்கலைக்கழக இடத்துக்கான புள்ளி அட்டவணையைத் திரையில் காட்டியபோது வகுப்பே முனகியது. நெட்டைக் கணக்கில் நல்ல மதிப்பெண் இருந்தால் பொறியியலுக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் கூடப் புள்ளி ஏறும் என்றிருந்தது.

"வரலாறு படிக்கிறதுக்கு எதுக்குடி இவ்வளவு கணக்கு?" என்று சைமி கேட்டாள்.

"எத்தனை ராஜா செத்தான்னு கூட்டிப் பாக்க" என்றாள் ஹில்லா.

ஹில்லா அவளுடைய தோழி. மழலையர் பள்ளியிலிருந்தே ஒரே பெஞ்சு. ஒன்பதாம் வகுப்பு முடிவில் கணக்கில் இருவருக்கும் பத்துக்கு எட்டு. ஒரே வித்தியாசம், ஹில்லாவின் அம்மா மெர்வி இந்தப் பள்ளியின் படிப்பு ஆலோசகர்களில் ஒருவர். தாழ்வாரத்தில் அம்மா எதிரே வந்தால் ஹில்லா சுவரில் ஒட்டியிருக்கும் தீயணைப்பு விதிகளை ஊன்றிப் படிக்க ஆரம்பித்துவிடுவாள். மெர்வியும் ஒரு நெறி வைத்திருந்தார். மகளுடைய குழுவை இன்னொரு ஆலோசகரிடம் விட்டுவிட்டார். பள்ளிக் கணினியில் அவளுடைய பக்கத்தைத் திறப்பதே இல்லை. வேலை வேறு, வீடு வேறு என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சைமி மெர்வியின் பங்கில் வந்தாள். செப்டம்பர் நடுவில் அவளுடைய முறை வந்தது.

"உட்காரு சைமி. என்ன யோசிச்சு வச்சிருக்க?"

"ஒண்ணும் யோசிக்கல மெர்வி. யோசிக்க ஆரம்பிச்சாலே வேற யாராவது வந்து ஏதாவது சொல்லிடறாங்க."

மெர்வி சிரித்தார். "அதையெல்லாம் விடு. உன் மனசு என்ன சொல்லுது? எதுல ஆசை?"

"தெரியல."

"சும்மா சொல்லு. இதுல சரி தப்பு கிடையாது."

சைமி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ ஒருவர் நாயோடு போய்க்கொண்டிருந்தார். "நாய்" என்றாள். "நாய் பிடிக்கும்."

மெர்வி அதைக் கேலி செய்யவில்லை. விலங்குகளைப் பராமரிக்கும் படிப்பு இருக்கிறது, அதற்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம் என்றார். பிறகு மேசைமேல் கையை நீட்டி அவள் கையைத் தொட்டார்.

"உன்மேல நீயே பாரம் ஏத்திக்காதே. உனக்குக் குட்டைக் கணக்கே போதும்."

அறையை விட்டு வெளியே வரும்போது சைமிக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் இருந்தது. அங்கே ஹில்லா காத்திருந்தாள்.

"என்ன, 'உன் மனசு என்ன சொல்லுது'ன்னு கேட்டாங்களா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுவாங்கடி."

"உன்கிட்டயும் அதான் கேட்டாங்களா?"

"என்கிட்டயா!" ஹில்லா பூட்டைத் திறந்தபடி சொன்னாள். "என் மனசு வாயைத் திறக்கறதுக்குள்ள எங்கம்மா திறந்துட்டாங்க. நெட்டை. அவ்வளவுதான். எந்த வழியும் அடைபடக் கூடாதாம். பின்னாடி நான் வருத்தப்படுவேனாம். என் வருத்தத்தைக்கூட அவங்களே பட்டு முடிச்சிட்டாங்க."

சைமி சைக்கிளில் ஏறாமல் நின்றாள். உனக்கும் எட்டு, எனக்கும் எட்டு என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. போதும் என்ற சொல் மெர்வியின் அறையில் ஆறுதலாக இருந்தது. இப்போது அதே சொல் அளவெடுத்துச் சொன்னது மாதிரி இருந்தது. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு போதும்.

"என்னடி, மூஞ்சி தொங்கிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. காத்து."

அந்தச் சனிக்கிழமை ஹில்லா சைமி வீட்டுக்கு வந்திருந்தாள். சைமியின் அம்மா கிர்சி மருத்துவமனையில் வார்டு நர்ஸ். அன்று அவருக்கு வேலை. அப்பா அஹ்தி சமையலறையில் முயிக்கு என்ற சின்ன ஏரி மீன்களை ரை தானிய மாவில் புரட்டி வெண்ணெயில் வறுத்துக்கொண்டிருந்தார். மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவர், கதவில் குனிந்து வரும் உயரம்.

"அஹ்தி, ஒரு விஷயம் சொல்லுங்க" என்றாள் ஹில்லா. "நீங்க படிக்கும்போது நெட்டையா, குட்டையா?"

"ஆள் நெட்டை. படிப்பு குட்டை."

"வருத்தம் இருக்கா?"

"வருத்தப்படலாம்னு நினைச்சா அதுக்குள்ள அடுத்த லோடு வந்துடுது." மீனைத் திருப்பிப் போட்டார். "பேசாம குட்டையை எடு. மிச்ச நேரத்துக்கு ஏரிக்கு வா, வலை போடக் கத்துத் தரேன்."

ஹில்லா விழுந்து விழுந்து சிரித்தாள். சைமி சிரிக்கவில்லை.

"எனக்கு எதுப்பா?"

அஹ்தி கரண்டியைப் பிடித்தபடியே திரும்பினார். "உனக்கு எது பிடிக்குதோ அது. நான் என்ன சொல்ல? எனக்கென்ன தெரியும்?"

"இப்பதானே அவளுக்குப் பட்டுன்னு சொன்னீங்க?"

"அது சும்மா சொன்னது."

"எனக்கும் சும்மா ஏதாவது சொல்லுங்களேன்."

மீன் கருக ஆரம்பித்தது, அதைக் கவனிக்கப் போய்விட்டார். சைமிக்கு அழுகை வரும்போல இருந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. அப்பாவிடம் பதில் இல்லை என்பதற்கா, மெர்வியிடம் பதில் இருந்தது என்பதற்கா?

எந்தக் கணக்கு என்பதைக் கைபேசியிலேயே பதிவு செய்துவிடலாம். கடைசி நாள் மாலை ஹில்லா அழைத்தாள்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். நீ?"

"நானும்."

எதைப் போட்டாய் என்று இருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. அம்மா விதித்தபடி ஹில்லா நெட்டையைத்தான் எடுத்திருப்பாள் என்று சைமி நினைத்தாள். மெர்வி சொன்னபடி சைமி குட்டையைத்தான் எடுத்திருப்பாள் என்று ஹில்லா நினைத்தாள்.

இலையுதிர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று முதல் பனி விழுந்தது. நெட்டைக் கணக்கு ஆசிரியர் ரைமோவின் வகுப்பில் சைமி பின்வரிசையில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியில் பையை வைத்தாள். மணி அடித்தது. ஹில்லா வரவில்லை. மேசைக்கடியில் கைபேசியை எடுத்து 'எங்கடி இருக்க? இடம் பிடிச்சு வச்சிருக்கேன்' என்று அனுப்பினாள். அதே நொடியில் அங்கிருந்தும் ஒன்று வந்து விழுந்தது. 'எங்கடி தொலைஞ்ச? இங்க உன் இடத்துல எவனோ உட்காரப் பாக்குறான்.'

மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் பட்டாணி சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

"நீ எதுக்குடி நெட்டைக்குப் போன?"

"உங்கம்மா எனக்குக் குட்டை போதும்னாங்க. அதான்."

"அவங்க சொன்னதைக் கேட்டிருந்தா இப்ப என்கூட இருந்திருப்ப."

"அவங்க உனக்குச் சொன்னதை நீ கேட்டிருந்தா நீ என்கூட இருந்திருப்ப."

ஹில்லா சூப்பில் கடுகு விழுதை வேண்டியதைவிட அதிகமாகப் பிழிந்தாள். "உங்கப்பா பேச்சைக் கேட்டேன் பாரு" என்றாள்.

"அவர் சும்மா சொன்னாராம்."

"இப்ப சொல்லு!"

யார்மேல் கோபப்படுவது என்று இருவருக்கும் பிடிபடவில்லை. சூப் ஆறிப்போனது.

மாற்றிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் சைமி நெட்டையை விட்டால் மெர்வி சொன்னது சரி என்றாகிவிடும். ஹில்லா குட்டையை விட்டால் அம்மா ஜெயித்ததாகிவிடும். இரண்டு பேரும் அசையவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஹில்லா தன் வீட்டில் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"சொல்லித் தொலையேன்டி."

"சொல்றேன். நல்ல நேரம் வரட்டும்."

நல்ல நேரம் வரவில்லை, செவ்வாய்க்கிழமைதான் வந்தது. செவ்வாய்தோறும் சைமி ஹில்லா வீட்டில் சாப்பிடுவது பழக்கம். ஹில்லாவின் அப்பா ஓலு நகரத்தில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அதனால் அந்த வீட்டு மேசையில் மூன்றாவது தட்டு எப்போதும் சைமிக்குத்தான். மெர்வி உருளைக்கிழங்கைப் பரிமாறியபடி மகளிடம் கேட்டார்:

"ரைமோ இன்னிக்கு என்ன நடத்தினார்?"

மேசைக்கடியில் ஹில்லா சைமியை ஓர் உதை விட்டாள்.

"பல்லுறுப்புக் கோவை" என்றாள் சைமி.

மெர்வியின் கரண்டி நின்றது. "நீயும் ரைமோ வகுப்பா? குட்டைன்னுல்ல பேசினோம்?"

"மனசு மாறிடுச்சு."

"ஓ" என்றார் மெர்வி. அந்த 'ஓ'வில் என்ன இருந்தது என்று சைமி அன்று முழுக்க யோசித்தாள். "நல்லது. ரெண்டு பேரும் சேர்ந்தே படிக்கலாம். ஹில்லா, நீ சொல்லேன், பல்லுறுப்புக் கோவைன்னா என்ன?"

ஹில்லா ஜாம் கிண்ணத்தைப் பார்த்தாள். "பல... உறுப்பு இருக்கும். கோத்திருப்பாங்க."

மெர்வி சிரித்துவிட்டார். அன்று தப்பித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து சைமிக்கு வேலை இரட்டிப்பானது. சாப்பாட்டுக்கு முன்னால் ஹில்லாவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைய நெட்டைக் கணக்கை அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். மெர்வி கேட்டால் ஹில்லா ஒரு வரியாவது சொல்ல வேண்டுமே. சைமிக்கே பாதிதான் புரிந்திருக்கும். அந்தப் பாதியை விளக்கப்போய் நடுவில் மாட்டிக்கொள்வாள்.

"இந்த இடத்துல ஏன் குறி மாறுது?" என்பாள் ஹில்லா.

"மாறும். அது அப்படித்தான்."

"அம்மா கேட்டா 'அது அப்படித்தான்'னு சொல்லவா?"

அதனால் திரும்பவும் முதலிலிருந்து. சைமி இப்படியெல்லாம் உழைத்தும் ரைமோ வைத்த சின்னத் தேர்வில் அவளுக்கு ஐந்து வந்தது. தேறியதாக ஒப்புக்குச் சொல்லலாம். வீட்டில் அந்தத் தாளைப் பார்த்த அஹ்தி அதன்பின் ஒரு வாரம் ஏதோ கேட்க நினைத்து நினைத்து விழுங்குவது மாதிரியே நடமாடினார்.

நவம்பரில் பெற்றோர் கூட்டம் வந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதலாண்டுப் பிள்ளைகள்தான் காப்பியும் ஏலக்காய் பன்னும் கொடுக்க வேண்டும். ஹில்லா காப்பி, சைமி பன். கிர்சிக்கு அன்றும் வேலை, அஹ்தி மட்டும் வந்து முன்வரிசையில் உட்கார இடமில்லாமல், முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரமாக இருந்தார்.

மெர்வி ஒலிவாங்கியைப் பிடித்தார். நன்றாகப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"முடிவைப் பிள்ளைங்களே எடுக்கட்டும். நாம எடுத்துக் குடுக்கற முடிவு பெரும்பாலும் நம்ம பயம்தான். அவங்க தப்பா எடுத்தாக்கூட அது அவங்க தப்பா இருக்கட்டும். கேள்வி இருந்தா கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. பிறகு ஓரத்தில் ஒரு பெரிய கை மெல்ல மேலே போனது. சைமி பன் தட்டோடு அப்படியே நின்றாள்.

"மெர்வி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அஹ்தி. முகம் சிவந்திருந்தது. "எங்க வீட்டுல யாரும் இதெல்லாம் படிச்சதில்ல. எம் பொண்ணு நெட்டைக் கணக்கு எடுத்துட்டுத் திண்டாடறா. விடச் சொல்லவா, பிடிச்சுக்கோன்னு சொல்லவான்னு எனக்குத் தெரியல. உங்க பொண்ணும் இதே வருஷம்தான். அவ என்ன எடுத்திருக்கா? நீங்க விவரம் தெரிஞ்சவங்க. அதை வச்சு நாங்களும் கொஞ்சம் புரிஞ்சுக்குவோம்."

"வீட்டு விஷயத்தை இங்க கொண்டு வர்றதில்ல நான். ஆனா கேட்டுட்டீங்க, சொல்றேன். நெட்டைக் கணக்குதான். அவளாவே எடுத்தது."

காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ரைமோ கோப்பையோடு நின்றிருந்தார். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். பெயர்களை மறந்துவிடுகிறோமோ என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு.

"ஹில்லாவா?" என்றார் உரக்க. "என் வகுப்புல ஹில்லா யாரும் இல்லையே."

"வேற குழுவா இருக்கும்" என்றார் மெர்வி ஒலிவாங்கியில்.

"இந்த வருஷம் ஒரே குழுதானே மெர்வி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹில்லா ஊற்றிக்கொண்டிருந்த காப்பி கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, ஒரு பெரியவரின் கால்சட்டையில் வழிந்தது. மெர்வி மகளைப் பார்க்கவில்லை. சைமியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைகள் ஒவ்வொன்றாக அந்த முகத்தில் கடந்து போவது அங்கிருந்தே தெரிந்தது.

நிலைமையைக் காப்பாற்ற நினைத்து அஹ்தி எழுந்து நின்றார். "குழந்தையைத் திட்டாதீங்க. தப்பு என்னோடதுதான். நான்தான் குட்டையை எடுன்னு சொன்னேன். மீன் வறுத்துட்டிருக்கும்போது."

இப்போது கூடமே சிரித்தது. மெர்வி ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தார். அது கீச்சிட்டது.

திரும்பி வரும்போது லாரிக்காரருக்குக் காரை ஓட்டவே கை வரவில்லை. "நான் என்னம்மா தப்பாக் கேட்டேன்?" என்று இரண்டு சிக்னலிலும் கேட்டார்.

"தப்பாக் கேக்கலப்பா."

"அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

சைமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நீங்க என்கிட்டக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது. ஆனா கேட்டிருக்கலாம்."

மறுநாள் அவளாகவே மெர்வியின் அறைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கவும், நெட்டையை விட்டுவிடவும். இரண்டையும் வழியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே போனதும் வேறொன்று வாயிலிருந்து வந்தது.

"எனக்கு மட்டும் ஏன் குட்டை போதும்னீங்க?"

மெர்வியின் கண்கள் வீங்கியிருந்தன. "அன்னிக்கு நீ வந்தப்போ உன் முகம் வெளுத்துப் போயிருந்தது. பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்னு தோணுச்சு."

"ஹில்லா முகம்?"

"அவ முகத்தை நான் பாக்கவே இல்ல. முப்பது வயசுல அவ எங்க நிப்பாங்கறதையே பாத்துட்டிருந்தேன்."

"அப்ப எனக்குச் சொன்னது சரியா, அவளுக்குச் சொன்னது சரியா?"

"தெரியல சைமி."

"நீங்கதானே ஆலோசகர்?"

"ஆமா. அதனால இதை வெளியில போய்ச் சொல்லிடாதே."

சைமி மூக்கை உறிஞ்சினாள். "செவ்வாய்க்கிழமை எல்லாம் பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க. நான் நெட்டையை விட்டுடலாம்னு வந்தேன்."

மெர்வி கணினியை அவள் பக்கம் திருப்பினார். "ஒரு நிமிஷ வேலை. மாத்தணும்னா மாத்தித் தரேன்."

"மாத்தவா?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்களேன்! எல்லாரும் சொன்னீங்க. இப்ப கேக்கும்போது யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க."

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. ரைமோவின் வகுப்பு. சைமி எழுந்தாள். முடிவெடுத்து எழுந்ததாகச் சொல்ல முடியாது. மணி அடித்ததால் எழுந்தாள். தாழ்வாரத்தில் நடந்து போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அதையே நினைத்தாள். அப்படியே பருவத் தேர்வு வந்துவிட்டது.

ஹில்லாவும் அவள் அம்மாவும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு காலையில் மெர்வி தலை வாரிக்கொண்டிருந்த மகளிடம், "உண்மையாவே கேக்கறேன், உனக்கு எதுல ஆசை?" என்றாராம். "உண்மையாவே சொல்றேன், தெரியாது" என்றாளாம் இவள். இருவரும் நின்று கொண்டிருந்ததில் பேருந்தைத் தவறவிட்டார்கள். ஹில்லா குட்டையிலேயே இருந்தாள். பருவத் தேர்வில் ஒன்பது வாங்கினாள். அவளுக்கு நெட்டையைப் படிக்க முடிந்திருக்கும் என்று மெர்விக்கு வருத்தம். அதை மறைக்க அவர் கேக் வாங்கி வந்தார். கேக்கை வெட்டும்போது ஹில்லா அம்மாவின் முகத்தைப் பார்த்து, "கோடைல வேணும்னா நெட்டையைத் தனியாப் படிச்சுப் பாக்கவா?" என்றிருக்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. சைமியிடம் சொல்லும்போது, "அந்தக் கேக்குல ஏதோ கலந்திருந்ததுடி" என்றாள்.

சைமிக்கு ஏழு. செவ்வாய்தோறும் ஹில்லாவுக்கு விளக்கி விளக்கி மாட்டிக்கொண்ட இடங்களெல்லாம் தேர்வில் கைகொடுத்தன. ஆனால் தாளைப் புரட்டியபோது குழப்பம்தான் கூடியது. நிச்சயம் சரி என்று நினைத்த கணக்குக்கு ரைமோ பூஜ்ஜியம் போட்டிருந்தார். நேரம் போகாமல், எங்கே போய் முட்டுகிறதென்று பார்ப்போமே என்று கிறுக்கி வைத்ததற்கு முழு மதிப்பெண்.

"இது எப்படி சரி?" என்று அவரிடமே கேட்டாள்.

ரைமோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நீதானே எழுதின? உனக்குத் தெரியாதா?"

"எழுதும்போது தெரியல."

"இப்ப?"

அவள் அந்த வரிகளை மேலிருந்து கீழாகத் திரும்பப் படித்தாள். மூன்றாவது வரியில் ஒன்று பிடிபட்டது. அதற்கடுத்த வரியில் நழுவியது. பேருந்து போய்விடும் என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருக்கையில் உட்கார்ந்ததும் திரும்ப வெளியே எடுத்துவிட்டாள்.

வீட்டில் அஹ்தி வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தாளைக் கையுறையோடு வாங்கி, சிவப்பு மையில் இருந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்தார்.

"ஏழுன்னா நல்லதா, கெட்டதா?"

"நடுவுல."

"அப்ப இருக்கப் போறியா, விடப் போறியா?"

"தெரியலப்பா."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உள்ள வா, இந்தக் கணக்கு என்னன்னு எனக்குச் சொல்லு" என்றார்.

"உங்களுக்குப் புரியாதுப்பா."

"பரவால்ல" என்றார் அஹ்தி, பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே. "உனக்கும் தானே."